லாரி நெற்றியில் ஒரு பேர்

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செத்துப்போனவர்கள் மூன்று பேர் என் தலையில் விழுந்தார்கள்.

முதலில் விழுந்தது பள்ளிக்கூடத்து வாத்தியார். அடுத்தது மர அறுவை மில்காரரின் அம்மா. கடைசியாக, வாளியோடு சேர்ந்து, தபால் ஆபீஸ் பெரியவர். பெரியவர்தான் கனம்.

எங்கள் ஊர் இஜெபு-ஓதேயில் ஒரு விருந்துக்குப் போனால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். கல்யாணம், சாவு, அறுபது வயசு, எதுவாக இருந்தாலும் சாப்பாடு முடிந்ததும் கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணமோ வாளியோ தட்டோ திணிப்பார்கள். அதில் விருந்துக்கு உரியவரின் படமும் பேரும் அச்சடித்திருக்கும். என் மனைவி ஒரு சனிக்கிழமைகூட விடாமல் விருந்துக்குப் போகிறவள். முப்பத்தேழு வருஷத்துச் சனிக்கிழமைகள் என் வீட்டில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

சுவர்க் கடிகாரம் மட்டும் பதினான்கு. மணி என்ன என்று பார்க்க வேண்டுமானால் யாரை நம்புவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். காலமான மருத்துவச்சி ஒன்பது என்பாள். போன வருஷம் கல்யாணமான ஜோடி பத்தரை என்பார்கள், அதிலும் அவன் முள் ஒரு பக்கம், அவள் முள் ஒரு பக்கம்.

நான் காலணி எடுக்கத்தான் போனேன். தலையைத் தடவிக்கொண்டே கத்தினேன்.

"பிம்பே அம்மா."

பிம்பே எங்கள் மூத்த மகள். அவள் பிறந்த நாளிலிருந்து நான் பிம்பே அப்பா, அவள் பிம்பே அம்மா. எங்கள் சொந்தப் பேர்களைத் தேடினால் அடையாள அட்டையில் கிடைக்கலாம்.

அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல வேளை, பெரியவருக்கு ஒண்ணும் ஆகல."

"எனக்கு ஆயிருக்கு. மண்டை வீங்கியிருக்கு."

"அது எப்பவும் அப்படித்தானே."

"இன்னிக்கு ஒரு முடிவு கட்டுறேன். இதெல்லாம் வெளிய போகணும்."

"எதெல்லாம்?"

"எல்லாம். செத்தவங்க செத்துட்டாங்க. கட்டிக்கிட்டவங்க பாதிப் பேர் பிரிஞ்சுட்டாங்க. இந்தா, இந்தக் கிண்ணத்தைப் பாரு. 'ஷோலாவும் வாலேயும் என்றென்றும்'. அவ விட்டுட்டுப் போயி நாலு வருஷம் ஆச்சு."

"கல்யாணம்தான் விரிசல் விட்டுச்சு. கிண்ணம் இன்னும் விடல."

"மனுஷன்னா விடத் தெரியணும், பிம்பே அம்மா. பிடிச்சு வெச்சுக்கிட்டே இருந்தா மனசு கெட்டுப்போகும். என்னைப் பாரு. நான் எதையாவது பிடிச்சு வெச்சிருக்கேனா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலே, ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். அங்கே என் லாரி நின்றது.

லாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மரக்கூண்டு வைத்த பழைய லாரி. இருபத்தொன்பது வருஷம் அதில் கோக்கோ மூட்டையும் கிழங்கும் ஆளும் ஆடும் ஏற்றினேன். ஒன்பது வருஷமாக அது நான்கு கல்லின் மேல் நிற்கிறது. சக்கரம் கிடையாது. எஞ்சினுக்குள் பல்லி. ஓட்டுநர் சீட்டின் ஒரு பாதியில் நான் மத்தியானம் படுப்பேன், மறு பாதியில் ஒரு சிவப்புக் கோழி அடைகாக்கும். எங்கள் இருவருக்கும் சண்டை வந்ததில்லை. காயலான் கடைக்காரன் டான்ஜுமா மாதம் ஒரு முறை மதிலை எட்டிப் பார்த்து விலைக்குக் கேட்பான். மாதம் ஒரு முறை நான் கல்லை எடுப்பேன்.

"சரி, கொடுத்துடலாம்" என்றாள் அவள்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு நான் தயார் செய்து வைத்திருந்த நல்ல வாக்கியங்கள் எல்லாம் அப்படியே வாய்க்குள் நின்றுவிட்டன.

"நிஜமாவா?"

"நீங்க சொல்றது நியாயம்தானே. ஆனா ஒண்ணு. இன்னிக்கு என் சாமானை எல்லாம் அனுப்பிட்டு, நாளைக்கு நீங்க பல்டி அடிக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"பண்ணுறேன். நம்ம குடும்பத்துல இல்லாத ஆளோட பேர் எழுதின எந்தப் பொருளும் இந்த வீட்டுக்குள்ள இருக்காது."

"வீட்டுக்குள்ளன்னு சொல்லாதீங்க. நான் போயி கோழிக்கூட்டுல ஒளிச்சு வெச்சுட்டு, வீட்டுக்குள்ள இல்லையேன்னு சொல்லிடுவேன். மதிலுக்குள்ளன்னு சொல்லுங்க."

இப்படி ஒரு நேர்மையான பெண்ணை நான் பார்த்ததில்லை. தனக்கு எதிராகத் தானே ஓட்டையை அடைக்கிறாள். "மதிலுக்குள்ள" என்று சொன்னேன்.

"வாயால சொன்னா போதாது. நீங்க டிரைவர்."

புரிந்தது. எங்கள் பக்கத்து டிரைவர்கள் ஞாயிற்றுக்கிழமை எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், வெள்ளிக்கிழமை எந்தச் சாமியைத் தொழுதாலும், சத்தியம் என்றால் இரும்புதான். இரும்பு ஓகுன் சாமியுடையது. மேலே இருப்பவர் மன்னித்து விடுவார். ஓகுன் மன்னிக்க மாட்டார், அடுத்த வளைவில் காத்துக்கொண்டு நிற்பார். நான் பெரிய ஸ்பானரை எடுத்தேன். நாக்கில் தொட்டேன். துருவும் கிரீஸும் கலந்த ஒரு ருசி. வெற்றியின் ருசி அதுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் அவள் வேலை செய்தாள். ஒவ்வொரு கிண்ணமாக எடுத்தாள், துடைத்தாள், முகத்தைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசினாள், சாக்கில் போட்டாள்.

"போயிட்டு வாங்க மாமி. உங்க சாவுக்கு வெச்ச ஆட்டுக்கறி மாதிரி அதுக்கப்புறம் நான் சாப்பிடல."

"நீ போடா. உன் கல்யாணத்துல பாட்டுக்காரனுக்கே சோறு போடல."

ஊர் விருந்துகளுக்குச் சமைக்கும் அம்மாள் ஒருத்தி அடுத்த தெருவில் இருக்கிறாள். சாக்கு சாக்காக எல்லாம் அங்கே போயிற்று. என் மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்குத்தான் என்னவோ போல இருந்தது. பதினான்கு கடிகாரமும் இறங்கியபின் வீடு அமைதியாகி விட்டது, என் மூச்சே எனக்குக் கேட்டது.

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"ஆளுங்க இங்க இருக்காங்க" என்று நெஞ்சைத் தொட்டாள். "பிளாஸ்டிக் எதுக்கு?"

வியாழக்கிழமை காலை, வெற்றி வீரனாக லாரியில் படுக்கப் போனேன். போகும் வழியில் தலையை நிமிர்த்தினேன். அவ்வளவுதான்.

லாரி நெற்றிப் பலகையில், சிவப்பில் மஞ்சள் எழுத்தாக, ஊரே படிக்கிற மாதிரி எழுதியிருந்தது:

ரோலேக்கே, பொறு.

ஒன்பது வருஷமாக நான் அதைப் பார்க்கவில்லை. கண் பார்த்தது, நான் பார்க்கவில்லை. சொந்த மூக்கை யார் பார்க்கிறார்கள்?

ரோலேக்கே யார் என்று கேட்கிறீர்கள். கல்யாணத்துக்கு முந்தின விஷயம் அது. சந்தைக்குப் பக்கத்தில் அவள் அம்மா துணி விற்றாள். இவள் கூடவே உட்கார்ந்திருப்பாள். நான் பேசவில்லை, எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. லாரி வாங்கியதும் படம் வரைகிறவனிடம் சொல்லி நெற்றியில் எழுத வைத்தேன். தினமும் அந்தத் துணிக்கடை முன்னால் மூன்று தடவை ஹாரன் அடித்துக்கொண்டு போவேன். லாரி ஓடி நாலு காசு வந்ததும் பெண் கேட்கலாம் என்று கணக்கு. அவள் பொறுக்கவில்லை. கோக்கோ வியாபாரி ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். அடுத்த வருஷம் நான் பிம்பே அம்மாவைக் கட்டினேன். பேரை அழிக்கலாம் என்றுதான் இருந்தேன். பிறகு பெயிண்ட் மழையில் நிற்காது, வெயிலில் நிற்காது என்று ஏதோ ஒரு காரணம். இது யார் பேர் என்று அவள் கேட்டபோது, அப்பாவின் தங்கச்சி, லாரி வாங்கப் பணம் கொடுத்த அத்தை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அதோடு விஷயம் முடிந்தது. முப்பத்தேழு வருஷம்.

இப்போது நாக்கில் இரும்பு ருசி திரும்ப வந்தது.

மனைவி கடைசிச் சாக்கோடு வெளியே போயிருந்தாள். ஓடினேன். சுவருக்கு அடித்து மிச்சம் இருந்த வெள்ளைப் பெயிண்ட் ஒரு டின். ஏணி. கோழி எழுந்து என்னைத் திட்டியது. அடித்தேன். பலகை முழுக்க வெள்ளை. இறங்கி நின்று பார்த்தேன். பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சத்தியம் இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வீட்டில் மெச்ச வேறு ஆள் இல்லை.

மத்தியானம் அவள் வந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"பெயிண்ட் வாசனை வருதே."

"லாரிக்குக் கொஞ்சம் அழகு பண்ணினேன்."

"பொண்ணு பார்க்க வர்றாங்களா அதுக்கு?"

"துரு பிடிக்குது. பார்த்துக்கணும்ல."

"உட்காருங்க. சாப்பாடு வைக்கிறேன்."

மரவள்ளிக் கிழங்கு மாவில் கிண்டிய எபா உருண்டையும் பூசணி விதைக் குழம்பும் வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். ஒரு வாய் எடுத்தேன். மழை பிடித்தது.

எங்கள் ஊர் ஜூலை மழை உங்களுக்குத் தெரியாவிட்டால், ஒரு ஆளுக்கு உங்கள்மேல் தனிப்பட்ட கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரையில் இடிக்கிற சத்தத்தில் நாங்கள் இருவரும் முற்றத்தைப் பார்த்தோம். பலகையிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது. பிறகு இன்னொன்று. சுவர்ப் பெயிண்ட் சுவருக்குத்தான்.

முதலில் 'பொறு' வந்தது.

நான் எபாவை விழுங்காமல் வைத்துக்கொண்டேன்.

பிறகு 'க்கே' வந்தது. 'லே' வந்தது. கடைசியில் 'ரோ' குளித்து முழுகின மாதிரி பளபளவென்று வந்தது. ஒன்பது வருஷத்துத் தூசியும் சேர்ந்து போய்விட்டதால் எழுத்து புதுசு போல இருந்தது.

"நல்லாத்தான் அழகு பண்ணியிருக்கீங்க" என்றாள் அவள்.

"அது அத்தை பேரு. குடும்பப் பேரு. சத்தியத்துல வராது."

"எந்த அத்தை?"

"அப்பாவோட தங்கச்சி. சொல்லியிருக்கேனே."

அவள் எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து வந்தாள். "இது ஒண்ணை மட்டும் அனுப்பல. நம்ம குடும்பத்துப் பேரு, அதனால இருக்கலாம்னு வெச்சேன். படிங்க."

நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத்துக் கூட்டினேன். அத்தை படம். தொண்ணூற்றொரு வயசில் இறந்த என் அத்தை, என் அப்பாவுடன் பிறந்த ஒரே பெண். கீழே பேர்: அபேனி.

"செல்லமா ரோலேக்கேன்னு கூப்பிடுவாங்க" என்றேன்.

"யாரு?"

"எல்லாரும்."

"சாவு வீட்டுல மூணு நாள் நான் சமைச்சேன். ஊரே அபேனின்னு சொல்லி அழுதுச்சு. செல்லப் பேரைச் சொல்லி அழ ஒருத்தருக்கும் தோணல பாருங்க."

மழை கொஞ்சம் தணிந்தது. எனக்குத் தணியவில்லை.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கு. உங்க கிளீனர் சலாமி ரெண்டு குவளை பனங்கள்ளு போட்டுட்டு வந்து, 'அண்ணி, நீங்க ரொம்பப் பொறுமைசாலி, அந்த லாரியில ஏறி வர்றீங்களே'ன்னு சொன்னாரு. என்ன லாரின்னு கேட்டேன். சொல்லிட்டாரு."

"முப்பத்தேழு வருஷமா தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே."

"ஓடின வரைக்கும் சோறு போட்டுச்சு. சொல்லி என்ன பண்ண? இப்ப ஓடல. மிளகாய் நட இடம் இல்ல எனக்கு. தட்டுல மிச்சத்தைத் துடைச்சுச் சாப்பிடுங்க."

கடைசி எபாவால் குழம்பைத் துடைத்தேன். தட்டுக்கு அடியில் ஒரு முகம் வந்தது. உருண்டை முகம். கோபுரம் மாதிரி தலைக்கட்டு. மூக்கின் மேல் ஒரு பூசணி விதை ஒட்டியிருந்தது.

"இதை ஏன் அனுப்பல?" என்றேன். சண்டையை வேறு பக்கம் திருப்ப இதுதான் சமயம். "சத்தியம் உனக்கும்தான். யாரு இந்த அம்மா?"

"தெரியலையா?"

"யாரோ. உனக்கு ஊரெல்லாம் பழக்கம்."

"பதினஞ்சு நாளா தினம் மத்தியானம் இவங்க மூஞ்சியிலதான் சாப்பிடறீங்க. ஒரு நாளாவது அடையாளம் தெரியுதான்னு பார்த்தேன். விதையைத் தள்ளிட்டுப் படிங்க."

தள்ளினேன். படித்தேன். அறுபத்தைந்தாவது பிறந்த நாள். அம்மா ரோலேக்கே.

இன்னொரு தடவை படித்தேன். அதே பேர்தான்.

நான் முகத்தை உற்றுப் பார்த்தேன். எங்கேயாவது அந்தத் துணிக்கடைப் பெண் இருக்கிறாளா என்று தேடினேன். கண்ணில் தேடினேன், கன்னத்தில் தேடினேன். நல்ல அம்மாளாக இருந்தார். சாப்பாட்டுக்குக் குறைவில்லாதவர் என்று தெரிந்தது. எனக்கு அவரைத் தெரியாது.

"நீங்க பேரை வெச்சிருந்தீங்க" என்றாள் என் மனைவி, தட்டை எடுத்துக்கொண்டே. "ஆளைத் தொலைச்சுட்டீங்க."

எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். சிரிப்பு வந்தது. நெஞ்சுக்குள் ஒரு அறையில் ஒருத்தி குடியிருக்கிறாள் என்று இத்தனை வருஷமாக மெதுவாக நடந்துகொண்டிருந்தேன், கதவைச் சாத்தக்கூட யோசித்தேன். எட்டிப் பார்த்தால் காலி. எப்போது காலி செய்தாள் என்று வீட்டுக்காரனுக்கே தெரியாது. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், ஈரத்தில் நின்ற கோழி மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டான்ஜுமா பெரிய வண்டியோடு வந்தான். மதிலுக்கு வெளியே நின்றான்.

"உள்ள வா" என்றேன்.

"கல் எங்க இருக்கு, பெரியவரே?"

"லாரிக்கு அடியில நாலு இருக்கு. அதையும் சேர்த்து எடுத்துக்கோ."

சங்கிலி கட்டி இழுத்தார்கள். மரக்கூண்டு முனகியது. நெற்றிப் பலகை என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனது. வாசல் வரைக்கும் கூடவே நடந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அது பேருக்காக இல்லை. அந்த சீட்டுக்காக. ஹாரனை மட்டும் கழற்றிக்கொண்டேன். மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேர் எதுவும் இல்ல. வெச்சுக்கோங்க."

முற்றம் திடீரென்று பெரிதாயிற்று. காற்று வந்தது. வீட்டுத் திண்ணையில் படுத்தேன். இத்தனை வருஷத்தில் காலை முழுசாக நீட்டித் தூங்கினது அன்றுதான். கோழிக்கு ஒரு கூடை கொடுத்தோம், அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது.

லாரி விற்ற காசு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அடுத்த மாதம் பிம்பே அம்மாவுக்கு அறுபது வயசு. முற்றத்தில் பந்தல். ஜொலொஃப் சோறு, இரண்டு ஆடு, தாளக்காரர்கள். எங்கள் வழக்கப்படி ஒரே மாதிரித் துணி உடுத்தி முந்நூறு பேர். நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஒரு வண்டி வந்து அட்டைப் பெட்டிகளை இறக்கியது. பிரித்தேன்.

பிளாஸ்டிக் கிண்ணம். நீலம். நடுவில் அவள் படம், பக்கத்தில் என் படம். கீழே எங்கள் இருவர் பேர், அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே முழுசாக.

"எத்தனை?"

"ஆயிரம். முந்நூறு கொடுத்தா எழுநூறு மிச்சம் இருக்கும். அலமாரியில அடுக்கிடலாம்."

"பிம்பே அம்மா, நான் இரும்பைத் தொட்டு..."

"நம்ம குடும்பத்துப் பேருதானே. மதிலுக்குள்ள இருக்கலாம். நீங்களே சொன்னீங்க."

கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். விடைபெறுகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று. வரிசையில் ஒரு அம்மாள் வந்தார். உருண்டை முகம், கோபுரத் தலைக்கட்டு. இந்தத் தடவை அடையாளம் தெரிந்தது. தினமும் பார்த்த தட்டாயிற்றே.

"ரோலேக்கே அக்கா, சாப்பிட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"வயிறு நிறைஞ்சுது. அடேயப்பா, எவ்வளவு பெரிய முற்றம் உனக்கு."

"ஒரு லாரி நின்னுச்சு. போன மாசம்தான் அனுப்பினோம். 'ரோலேக்கே, பொறு'ன்னு எழுதியிருக்கும்."

நான் ஒரு கிண்ணத்தைக் கீழே போட்டேன். விரிசல் விடவில்லை.

"அந்த லாரியா?" அக்கா கையைத் தட்டினார். "எங்க கடை வழியாத்தான் போகும். மூணு தடவை ஹாரன் அடிப்பான், எங்க அம்மா தூக்கத்துல எழுந்து திட்டுவாங்க. எந்த ரோலேக்கேவோ பாவம்னு நாங்க பொண்ணுங்க எல்லாம் சிரிப்போம். ஊருல அந்தப் பேருல நூறு பேர் இருந்தோம். கடைசில அவ பொறுத்தாளா?"

"பொறுக்கல" என்றாள் பிம்பே அம்மா. "நான் மாட்டிக்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்று அக்கா கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "படத்துல நீ நல்லா விழுந்திருக்க. பக்கத்துல இது யாரு, உங்க அப்பாவா?"